காலில்லாத மானிட்டர்

"செத்துட்டீங்களா அண்ணி?" என்று ஹெட்போனுக்குள் சுண்டு கேட்டாள்.

செத்துத்தான் போயிருந்தாள். திரையில் கத்தரியின் வீரன் பழைய கிடங்கு ஒன்றின் வாசலில், மரப்பெட்டி அடுக்குக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தான். அவனைச் சுட்டவன் இந்நேரம் இரண்டு அறை தாண்டிப் போயிருப்பான். ‘இடது பக்கம் அண்ணி, இடது பக்கம்’ என்று சுண்டு தொண்டை கிழியக் கத்தியது கத்தரிக்கு நன்றாகவே கேட்டது. விரலும் உடனே அழுத்தியது. ஆனால் வாசலில் யாரோ அழுக்குத் துணியை வீசியெறிந்தாற்போல ஒரு தீற்றல்தான் தெரிந்தது. அது ஒரு ஆள் என்று புரிவதற்குள் கதை முடிந்துவிட்டது. இன்று மத்தியானம் முழுக்க இப்படித்தான்.

கத்தரி என்பது மருந்துக்கடையில் அவளுக்கு வைத்த பேர். டாக்டர் எழுதிய எண்ணிக்கைக்கு மாத்திரை அட்டைகளை அவள் வெட்டிக் கொடுக்கிற வேகத்தைப் பார்த்துக் கூட வேலை செய்கிறவர்கள் வைத்தது. விளையாட்டில் சேர ஒரு பேர் கொடுக்கச் சொன்னபோது யோசிக்காமல் அதையே தட்டிவிட்டாள். எதிரணிக்காரர்களில் பாதிப்பேர் அதைக் கத்தரிக்காய் என்று நினைத்துக்கொண்டு காய்கறி ஜோக்குகளாக அள்ளி விட்டார்கள். நாற்பது தாண்டிய ஒரு பெண்பிள்ளை, கூந்தலைக் கொண்டையாகச் சுருட்டிப் பேனாவைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"அந்த ஜோடிப் போட்டி இருக்குல்ல? எங்க கடைக்கு நாயைக் குளிப்பாட்ட ஒருத்தர் கொண்டு வருவாரு. அவரும் ஆடுவாராம். பாத்தேன், நல்லாத்தான் ஆடறாரு. இந்தத் தடவை அவரும் நானும் சேந்து பேர் குடுக்கலாமான்னு கேக்கறாரு."

"நீ என்ன சொன்னே?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன். நீங்க நல்லா ஆடறீங்க அண்ணி, இல்லேங்கல. இருந்தாலும்..."

அந்த ‘இருந்தாலும்’ அப்படியே தொங்கிக்கொண்டு நின்றது. சுண்டு வேறு ஊரில் நாய் பூனைகளுக்கு முடி வெட்டுகிற கடை வைத்திருக்கிறாள். கடிக்க வருகிற நாயைக்கூடக் கொஞ்சிக் கொஞ்சி நகம் வெட்டிவிடுவாள். அந்தக் கொஞ்சல் இப்போது தன்னிடம் வருகிறது என்பது கத்தரிக்கு உறைத்தது.

"இதுல கோவிச்சுக்க என்ன இருக்கு? நல்லா ஆடறவங்களோட சேந்தாத்தானே ஜெயிக்க முடியும்" என்று சொல்லிவிட்டு ஹெட்போனைக் கழற்றினாள். சமையலறைக்குப் போய், ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களை இன்னொரு தரம் கழுவினாள்.

நாத்தனாரோடு விளையாட முடியவில்லை என்று ஒருத்தி வருத்தப்படுகிறாள் என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அதிலும் இந்த நாத்தனார். கல்யாணமாகி வந்த புதிதில், வாசலில் கிடந்த சுண்டுவின் செருப்பைப் பற்றி இவள் ஏதோ சொன்னாள். அல்லது சொன்னதாக அவள் காதில் விழுந்தது. என்ன சொன்னாள் என்பது இன்று இருவருக்குமே நினைவில்லை. அன்றைக்குப் போன பேச்சு ஒன்பது வருஷம் திரும்பி வரவேயில்லை. ஒரே அறையில் எதிரெதிரே நின்றுகொண்டு, "அண்ணா, எனக்குக் காப்பி வேண்டாம்னு சொல்லிடு" என்பாள் அவள். "ஏங்க, போட்டாச்சுன்னு சொல்லிடுங்க" என்பாள் இவள். கத்தரியின் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். பகலெல்லாம் மேலும் கீழும் போய் வருகிற மனிதருக்கு வீட்டிலும் அதே வேலை.

பிறகு சுண்டுவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. தனியாக இருக்கிறவள், பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அண்ணன் போய் அழைத்து வந்துவிட்டார், கம்ப்யூட்டரோடு. ஹாலில் படுக்கை. வேளாவேளைக்கு மருந்து கொடுக்க வேண்டியவள் வேறு யார்? ஒரு நாள் மாத்திரையும் தண்ணீருமாக நின்றபோது, சுண்டு ஆடிக்கொண்டிருந்த திரையைப் பார்த்துக் கத்தரிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அந்த ஆளு ஏன் முதுகுப் பக்கம் திரும்பியே பாக்க மாட்டேங்கறான்? கதவு திறந்துல்ல இருக்கு?" என்று கேட்டுவிட்டாள். யாரைப் பார்த்துக் கேட்டோம் என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது. சுண்டு தலையைத் திருப்பாமல், "வேணும்னா நீங்களே ஆடிப் பாருங்களேன்" என்றாள். நடுவில் அண்ணன் இல்லாமல் அவர்கள் பேசிய முதல் பேச்சு அது. உடம்பு தேறிப் போகும்போது பழைய கம்ப்யூட்டரை, திரை நீங்கலாக, அண்ணிக்கே விட்டுவிட்டுப் போனாள். மருந்துக்கடையில் பில் போடும் மேசையிலிருந்து கழித்துப் போட்ட ஒரு மானிட்டரைக் கத்தரி அதற்குச் சேர்த்துக்கொண்டாள். அன்றிலிருந்து சனி, ஞாயிறு மத்தியானங்களில் நாத்தனாரும் அண்ணியும் தோளோடு தோள் நின்று கண்டவனையெல்லாம் சுட்டுத் தள்ளினார்கள். வீட்டுக்காரர் நண்பர்களிடம், "ரெண்டு பேரும் சண்டை போடாம இருந்தாப் போதும்னு கும்பிட்டேன். இப்ப சேந்துக்கிட்டு ஊரையே கொல்றாங்க" என்று சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போவார்.

திங்கட்கிழமை கடையில் அவளுக்கு வேலை ஓடவில்லை. வயசாகிவிட்டது, கை மந்தமாகிவிட்டது, அதைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் சுண்டு ‘இருந்தாலும்’ என்று நிறுத்தினாள் என்று ஒரே யோசனை. அப்போது கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா கைப்பையைத் துழாவிக்கொண்டே இருமல் மருந்து பாட்டிலை முழங்கையால் தட்டிவிட்டாள். கத்தரி வேறொருவரின் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தாள். பாட்டில் தரையைத் தொடுவதற்கு ஒரு சாண் முன்னால் அது அவள் இடது கையில் இருந்தது. எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியாது. "அடேயப்பா!" என்றாள் அந்த அம்மா. கத்தரி பாட்டிலைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். கை மந்தமில்லை.

அதோடு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. போன தடவை சுண்டு வந்திருந்தபோது அவளுடைய புது லேப்டாப்பில் ஒரு மத்தியானம் ஆடியதும், அன்றைக்கு ஒருவனாலும் இவளைத் தொட முடியாமல் போனதும். அதிர்ஷ்டம் என்று இருவரும் சிரித்தார்கள். அதிர்ஷ்டமில்லை. அந்தத் திரையில் படம் நொடிக்கு நூற்று அறுபது தரத்துக்கு மேல் மாறுகிறது என்று சுண்டு பெருமையாகச் சொன்னாளே! கடையில் கழித்துப் போட்ட திரையில் மாறுவது அறுபது தரம். பில் தொகையைக் காட்டுவதற்கு அது தாராளம். கதவிடுக்கில் பாய்கிறவனைக் காட்ட?

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே, "எனக்கு ஒரு மானிட்டர் வாங்கணும்" என்றாள்.

"இதுதான் நல்லா இருக்கே?"

"இது நல்லா இல்ல. இத்தனை நாள் எனக்குத் தெரியல."

ஜோடிப் போட்டிக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் பேர் கொடுத்தாக வேண்டும். சனிக்கிழமை மருந்துக்கடை அரை நாள்தான். வருஷக் கடைசித் தள்ளுபடி என்று பெரிய பெரிய எழுத்தில் கண்ணாடி முழுக்க ஒட்டியிருந்த எலெக்ட்ரானிக்ஸ் கடைக்கு இருவரும் போனார்கள். மாடியில் ஒரு சுவர் முழுக்க மானிட்டர்கள். எல்லாவற்றிலும் ஒரே சிவப்புக் கார் ஒரே மலைப்பாதையில் ஓடிக்கொண்டிருந்தது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு விற்பனையாளர் வந்தார்.

"கேமிங் மானிட்டரா மேடம்? பையனுக்கா?"

"எனக்கு."

ஒரு கணம் தடுமாறினாலும் ஆள் கெட்டிக்காரர். "அப்ப நீங்க பாக்க வேண்டியது இது" என்று நேராக ஒரு ராட்சத மானிட்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். வில் மாதிரி வளைந்து, கட்டில் தலைப்பலகை அகலத்துக்கு இருந்தது. பழைய விலையை அடித்துவிட்டு அதில் பாதியைச் சிவப்பில் எழுதியிருந்தது. வீட்டுக்காரர் வாயைப் பிளந்துவிட்டார்.

"பாதி விலைம்மா! சினிமா பாக்கலாம், மேட்ச் பாக்கலாம். ஹால்ல வச்சா வீட்டுக்கே ஒரு களை வந்துடும்."

கத்தரிக்கும் அது பிடிக்காமல் இல்லை. அதன் முன்னால் நின்றால் ஜன்னலைத் திறந்து வெளியே பார்க்கிறாற்போல இருந்தது. ஆனால் அவள் வந்தது சிவப்புக் காரைப் பார்க்க இல்லை. சுவரில் ஓடுகிற படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கார் ஓட்டுகிறவன் நல்லவன், அவன் யார் கண்ணுக்கும் மறையாமல் நடு ரோட்டில் போகிறான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏதாவது நிறைய எழுத்து இருக்கற பக்கம் திறந்து குடுங்களேன். கறுப்புல வெள்ளை எழுத்தா இருந்தா நல்லது" என்றாள்.

விற்பனையாளர் ஏதோ நீளமான நிபந்தனைகள் பக்கத்தைத் திறந்து கொடுத்தார். கத்தரி அதை மவுஸ் சக்கரத்தால் விறுவிறுவென்று மேலே தள்ளிவிட்டு, ஓடும்போதே படிக்கப் பார்த்தாள். மருந்து அட்டையின் ஓரத்தில் எறும்பு மாதிரி அச்சடித்திருக்கும் காலாவதித் தேதியைக் கை நிறுத்தாமல் படித்துப் பழகிய கண். ராட்சதத் திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றும் வால் முளைத்துப் பக்கத்து எழுத்தின் மேல் ஈஷிக்கொண்டன. வாசலில் விழுந்த அதே அழுக்குத் துணி. இப்போது கொஞ்சம் பெரிய துணி, அவ்வளவுதான்.

அடுத்ததில் பார்த்தாள். அதற்கடுத்ததில் பார்த்தாள். விற்பனையாளரும் சலிக்காமல் வயரைக் கழற்றி மாட்டிக்கொண்டே வந்தார். மூன்றாவதில் அவருக்கே சுவாரஸ்யம் தட்டிவிட்டது. "இதுல பாருங்க மேடம், இது தேவலை. இல்ல, இதுலயும் இழுக்குது" என்று அவரும் குனிந்து படிக்க ஆரம்பித்தார். எழுத்து கலையாமல் ஓடியது ஒன்றில்தான். அதன் விலையைப் பார்த்ததும் மூன்று பேரும் மெல்ல நகர்ந்தார்கள்.

"உள்ள ஒண்ணு கிடக்கு" என்றார் விற்பனையாளர், தலையைச் சொறிந்துகொண்டு. "போன வருஷ மாடல். டிஸ்ப்ளேல வச்சிருந்தது. இடம் மாத்தும்போது ஸ்டாண்டு எங்கயோ தொலைஞ்சு போச்சு. காலு இல்லாத பீஸை யாரு எடுப்பா? ஒரு மூலையில சாத்தி வச்சிருக்கோம். நொடிக்கு நூத்தி எண்பது தரம் போகும். ஆனா வாங்கினா திருப்ப முடியாது."

அது சாதாரண அளவில், சாதாரணக் கறுப்பில், ஓரத்தில் தூசியோடு வந்தது. சுவரில் சாய்த்து வைத்து வயரை மாட்டி, விற்பனையாளர் மவுஸால் எங்கெங்கோ தட்டி ஏதோ மாற்றினார். பக்கத்தைத் திறந்தார். கத்தரி சக்கரத்தைச் சுழற்றினாள்.

எழுத்துகள் ஓடின. ஒன்றோடொன்று ஒட்டாமல், வரிசை கலையாமல், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி ஓடின. ஒவ்வொன்றின் முகமும் தெரிந்தது. ‘நிறுவனம் பொறுப்பேற்காது’ என்ற வரியை ஓட்டத்திலேயே சத்தமாகப் படித்தாள். விற்பனையாளர் "அட!" என்றார்.

"இதுதான்" என்றாள்.

வீட்டுக்காரரின் கண் இன்னும் அந்த வளைந்த ராட்சதத்தின் மேலேயே இருந்தது. "யோசிச்சுக்கோ. இன்னும் கொஞ்சம் போட்டா அதுவே வந்துடும். இதுக்கு நிக்கறதுக்குக் கால்கூட இல்ல. வீட்டுக்குன்னு பாத்தா..."

"அது வீட்டுக்குங்க. இது எனக்கு."

சொன்ன பிறகுதான், இப்படி ஒரு வாக்கியத்தை இதுவரை தன் வாயால் சொன்னதில்லை என்று தோன்றியது. குக்கர் வீட்டுக்கு, அலமாரி வீட்டுக்கு. புடவைகூட யாராவது விசேஷத்துக்கு அழைத்தால்தான். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டதோ என்று அவரைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து, அந்தக் கறுப்பு மானிட்டரைப் பின்பக்கம் திருப்பினார். நடுவில் சதுரமாக நான்கு துளைகள் இருந்தன. ஒரு துளையின் விளிம்பைச் சுண்டுவிரல் நகத்தால் தடவிப் பார்த்தார்.

"மரை நல்லா இருக்கு. நாலு போல்ட்டு போதும்" என்றார். "பில் போடுங்க சார்."

ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க அவர் பின்கட்டில் இருந்தார். லிப்ட் கதவுச் சட்டத்தில் மிஞ்சிய ஒரு இரும்புத் தகடு, ஒரு கனமான அடிப்பலகை, அறுக்கிற சத்தம், ராவுகிற சத்தம். பத்து மணிக்கு ஒரு தரம், பதினொன்றுக்கு ஒரு தரம் கத்தரி எட்டிப் பார்த்தாள். "நீ பாக்கப் பாக்க வேலை ஓடாது, போ" என்று துரத்தினார். மத்தியானம் அவர் கொண்டுவந்து வைத்த ஸ்டாண்டின் மேல் பத்து மாடிக் கட்டடத்தையே நிறுத்தலாம் போலிருந்தது. மானிட்டர் அதில் கல்லாக நின்றது.

பழைய திரையிலிருந்து வயரை உருவிப் புதியதில் செருகினாள். ஆட்டத்தைத் திறந்தாள். கிடங்கு வந்தது, மரப்பெட்டிகள் வந்தன. பயிற்சி ஆட்டத்தில் வாசலுக்கு நேராகத் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நின்றாள். குறுக்கே ஒருவன் ஓடினான்.

அழுக்குத் துணி.

இன்னொரு தரம் பார்த்தாள். அதே தீற்றல், அதே இழுவை. திருப்ப முடியாது என்று அந்த ஆள் சொன்னது காதில் ஒலித்தது. பின்னால் நின்ற வீட்டுக்காரர் குனிந்து திரையை உற்றுப் பார்த்தார். பிறகு, "முன்னைக்கு இப்பக் கொஞ்சம் நல்லா இருக்கற மாதிரிதான் இருக்கு" என்றார். அவர் பொய் சொல்லும்போது மீசையைத் தடவுவார். தடவிக்கொண்டிருந்தார்.

மருந்து கேட்கவில்லை என்று கடைக்குத் திரும்பி வருகிறவர்களிடம் கத்தரி முதலில் கேட்கிற கேள்வி, எப்படிச் சாப்பிட்டீங்க என்பது. பாதிப்பேர் வெறும் வயிற்றில் போட வேண்டியதைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டிருப்பார்கள். மருந்தின் மேல் தப்பிருக்காது. இங்கேயும் எதையோ மாற்றிக் கொடுக்கிறோமா? விற்பனையாளர் பக்கத்தைத் திறப்பதற்கு முன்னால் எங்கெங்கோ தட்டினாரே! அவளும் தட்டினாள். ஒரு பட்டியலுக்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று. கடைசியில் ஓர் ஓரத்தில், பொடி எழுத்தில், ‘60’ என்று உட்கார்ந்திருந்தது. அதை மாற்றப் போனால் அதற்குமேல் ஒன்றும் காட்டவில்லை.

"மானிட்டரைப் போட்டுக் குடுத்த பெட்டியில வேற வயர் ஏதாவது இருந்துச்சா?"

அவர் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். அடியிலிருந்து, முடிச்சுக்கூடப் பிரிக்காத தடித்த வயர் ஒன்று விழுந்தது. இதுவரை மாட்டியிருந்தது பில் மேசையிலிருந்து வந்த பழைய வயர்! புதியதைச் செருகிவிட்டு மறுபடியும் அந்த ஓரத்துக்குப் போனாள். இப்போது கீழே வரிசையாக எண்கள் இருந்தன. நூற்றெண்பதைத் தட்டினாள். திரை கறுத்தது. வந்தது. மவுஸை லேசாக நகர்த்தினாள். அம்புக்குறி எண்ணெயில் வழுக்கியதுபோலக் கையோடு வந்தது.

வாசலுக்கு நேராக நின்றாள். முதலில் ஒரு பூட்ஸ் முனை வந்தது. அப்புறம் முழங்கால். அப்புறம் துப்பாக்கி, தோள், முகம். அவ்வளவு நேரம் இருந்தது! அவன் வாசலில் பாதி கடப்பதற்குள் கத்தரி சுட்டுவிட்டாள். வீட்டுக்காரர் மீசையிலிருந்து கையை எடுத்தார்.

சுண்டுவை அழைத்தாள்.

"அண்ணி, நேத்தே அவர்கிட்ட சரின்னு சொல்லிட்டேனே" என்றாள் சுண்டு, அழாத குறையாக. "இன்னும் பேர் குடுக்கல. அஞ்சு மணிக்குக் குடுக்கலாம்னு இருந்தோம்."

"அது கிடக்கட்டும். இப்ப ஒரு ஆட்டம் வா. நீயும் நானும்."

"சேந்தா?"

"எதிரெதிரா. முதல்ல பத்து சாவு வாங்கறவங்க தோத்தாங்க."

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு. நாய்க்கு நகம் வெட்டுகிற சிரிப்பு. "சரி, வாங்க."

முதல் மூன்றும் சுண்டுவுக்கே போயின. எல்லாம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததில் கத்தரி சுடுவதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியின் ஆணி தெரிந்தது, மேலே சுற்றுகிற காற்றாடியின் இதழ் தனித்தனியாகத் தெரிந்தது. "செத்துட்டீங்களா அண்ணி?" என்று கேட்ட குரலில் கொஞ்சம் பரிதாபமும் இருந்தது. அதுதான் கத்தரியை உசுப்பிவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். நான்காவதில், படிக்கட்டின் மேல் தெரிந்த முழங்கையைச் சுட்டாள். ஐந்தாவதில் சுண்டு தூணை விட்டுத் தலையை நீட்டவே முடியவில்லை. அதற்கப்புறம் கத்தரி எண்ணவில்லை. கை தானாகப் போனது. கண் காட்டியது, கை செய்தது, நடுவில் யாருமில்லை.

சுண்டுவின் பேச்சு நின்றுபோயிற்று. கத்தலில்லை, கேலியில்லை, மூச்சுச் சத்தம் மட்டும். அந்த அமைதி கத்தரிக்கு நன்றாகத் தெரியும். ஒன்பது வருஷம் கேட்ட அமைதி. ஒரு செருப்புக்குப் போன பேச்சு, இப்படி அடிமேல் அடியாக வாங்கினால் திரும்ப வருமா? திரையின் ஓரத்தில் ஒன்பது என்று காட்டியது, இன்னும் ஒன்று அடித்தால் பத்து. வேண்டுமென்றே ஒரு குண்டைத் தவறவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. மவுஸின் மேல் விரல் தயங்கியது.

சுண்டுவுக்குத் தெரிந்துவிடும். அண்ணி விட்டுக்கொடுத்தாள் என்பது நிச்சயம் தெரிந்துவிடும். அப்படி நேருக்கு நேர் மோதாமல் ஒதுங்கி ஒதுங்கித்தானே அந்த ஒன்பது வருஷமும் போயிற்று? கிடங்கின் பின்கதவில் ஒரு பூட்ஸ் முனை தெரிந்தது. கத்தரி காத்திருந்தாள். முழங்கால். தோள். சுட்டாள்.

ஆட்டம் முடிந்தது என்று திரை சொன்னது. ஹெட்போனில் சத்தமே இல்லை. வீட்டுக்காரர் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணீ!" என்று ஒரு அலறல் காதைக் கிழித்தது. "என்னைக் கொன்னுட்டீங்களே அண்ணி! பத்துக்கு ஆறு! என்ன ஆச்சு உங்களுக்கு? அய்யோ, அந்தப் படிக்கட்டுல என் முழங்கை மட்டுந்தானே தெரிஞ்சுது! அதை எப்படிப் பாத்தீங்க?"

"பளிச்சுன்னு தெரிஞ்சுதே" என்றாள் கத்தரி. "புதுசு வாங்கினேன். காலில்லாத மானிட்டர். உங்க அண்ணன்தான் கால் செஞ்சு குடுத்தாரு."

"என்ன உளர்றீங்கன்னே தெரியல. அந்த நாய்க்கார மனுஷன்கிட்ட நான் பேசிக்கறேன். கோவிச்சுக்கிட்டா அவர் நாய்க்கு ஒரு தடவை இனாமாக் குளிப்பாட்டி விட்டுடறேன். நீங்க எழுந்து போயிடாதீங்க. அங்கேயே இருங்க. உள்ள வர்றேன், இருங்க."

திரையில் கிடங்கு மறுபடியும் திறந்தது. தூரத்துப் பின்கதவு வழியாகச் சுண்டுவின் வீரன் ஓடிவந்தான். கத்தரியின் விரல் பழக்கத்தில் துப்பாக்கியை உயர்த்தியது. அவனோ நடு முற்றத்துக்கு வந்து, தன் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு, நின்ற இடத்திலேயே எம்பி எம்பிக் குதிக்கத் தொடங்கினான். கத்தரியும் தன்னுடையதைக் கீழே போட்டாள். இவளுடைய வீரனும் ஓடிப்போய் அவனுக்கு எதிரே நின்று குதித்தான்.

"இப்ப யாரு ஜெயிக்கறது?" என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்காரர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

ஹெல்மெட்டும் குண்டு துளைக்காத சட்டையும் போட்ட இரண்டு முரட்டு வீரர்கள், ஆளில்லாத கிடங்கின் நடுவே, முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு குதித்தார்கள். ஒவ்வொரு குதிக்கும் பூட்ஸுக்கடியிலிருந்து புழுதி கிளம்பி, துகள் துகளாகப் பிரிந்து, வெயிலில் மிதந்து மெல்ல இறங்கியது. அது இறங்கி முடிப்பதற்குள் அடுத்த குதி.